பதினாலு படிகளும் ஒரு நோட்டீஸும்

மார்ச் 4, செவ்வாய்

மகள் போனில் சொன்னாள்: "அம்மா, ஆபீசுக்குப் போற ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு எழுதி வை. நாளைக்கு யாராவது கேட்டா காட்டணும்ல." அஞ்சாங்கிளாசோடு நின்றவளை எழுதச் சொல்கிறாள், பார். சரி, கடை அளவு நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். முன்னால் ஊரார் இடுப்பு அளவு, பின்னால் என் புலம்பல்.

டிசம்பரில் இவருக்குப் பக்கவாதம். இடது கை, இடது கால், பேச்சும் கொஞ்சம். முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். எங்களுக்குக் கீழே என் தையல் கடை, மேலே ஒரு ரூம், சமையல், பாத்ரூம். நடுவில் பதினாலு படி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். அதோடு சரி. "இன்னொரு தடவை என்னை மூட்டை மாதிரி தூக்க விடமாட்டேன்" என்கிறார். இறங்கவே இல்லை.

கடைக்குப் பின்னால் காலி இடம் கிடக்கிறது. அங்கே ஒரு ரூமும் பாத்ரூமும் கட்ட அனுமதி கேட்டு ஜனவரி இருபதாம் தேதி நகராட்சி ஆபீசில் மனு கொடுத்தோம். பிளான் வரைந்தவர் ரெண்டே மாசம் என்றார். வீட்டுக்கு வந்து நடக்கப் பழக்குகிற பெண் சொல்கிறாள்: "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். நெறைய நடக்கணும். இங்க எட்டு அடி வச்சா சுவர் வந்துடுது."

ஆறு மாசம் என்றால் ஜூன். நான் விரல் விட்டு எண்ணியாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

டோக்கன் 63. மூணு மணி நேரம். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி, "ஃபைல் போயிட்டு இருக்கும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார்.

"ஃபைலுக்குக் கால் இருக்கா சார்? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு இரவல் கொடுக்கச் சொல்லுங்களேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

அடுத்த வாரமாம்.

மார்ச் 25, செவ்வாய்

அதேதான். இனிமேல் அவர் பெயர் அடுத்தவாரம். மாடியில் இவர் கேட்டார், "என்ன சொன்னான்?" "உங்களை ரொம்ப விசாரிச்சாருங்க" என்றேன். கொஞ்சம் சிரித்தார். பொய்தான், போகட்டும்.

ஏப்ரல் 2, புதன்

பெரிய அதிகாரி மாறிவிட்டாராம். புதியவர் வர நாளாகும்.

எங்கள் பக்கம் ஏதாவது குறையா என்று கேட்டேன். "உங்க பக்கம் எல்லாம் குடுத்துட்டீங்கதானே, நோட்டீஸ் ஒட்டினீங்களா?" என்றார் அடுத்தவாரம். ஒட்டினேனா! அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று ஒரு தாள் கொடுத்து, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி இருபத்தொரு நாள் ஒட்டச் சொன்னார்கள். மற்றவர்கள் சோற்றுப் பசை தடவி ஒட்டுவார்கள். நான் யார்? கடை முகப்பு பூராவும் ஷட்டர்தான். அது சுருளும்போது தாள் கிழியக் கூடாதே என்று சட்டைக் காலருக்குள் விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் துணியைப் பின்னால் வைத்துத் தேய்த்து, ஷட்டருக்கு நடுவில் ஒட்டினேன். ரெண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது, ஒரு மூலைகூட எழும்பவில்லை. இதையெல்லாம் சொன்னேன். "சரிம்மா, அடுத்த வாரம்."

ஏப்ரல் 23, புதன்

இன்று இவர் நடக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நடக்கப் பழக்குகிற பெண் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து தெருவில் போகிறவர்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். "யாருக்கு எப்ப வழுக்கை விழும்னு எனக்குத் தெரியும்" என்றார். நாக்கு புரளாமல் மெதுவாகத்தான் சொல்கிறார், ஆனால் சொன்னார். சிரித்தேன். பிறகு அவரே, "காலையில நீ ஷட்டரைத் தூக்குற சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடியுது. அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல" என்றார்.

எல்லாரையும் கேலி பண்ணுகிற நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன். அந்த ஆபீசில் எல்லாரும் நன்றாகத்தானே பேசுகிறார்கள்? பிறகு யார்தான் தடுக்கிறார்கள்? ஒரு ஆள் கிடைத்தால் திட்டித் தீர்த்துவிடலாம். ஆளே கிடைக்கவில்லையே.

மே 6, செவ்வாய்

டோக்கன் 41. அடுத்த வாரம்.

மே 8, வியாழன்

இவர் வைக்கிற எட்டு அடி ஆறு அடியாகிவிட்டது.

ஜூன் 3, செவ்வாய்

எழுதவே கை வரலை. ஆனாலும் எழுதணும்.

புது அதிகாரி ஒரு அம்மா. சின்ன வயசு, கண்ணாடி. அடுத்தவாரம் வழக்கம்போல ஆரம்பித்ததும், நான் குரலை உயர்த்திவிட்டேன். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, மேஜை மேல் இருந்த அடுக்கிலிருந்து எங்கள் ஃபைலை எடுத்தார். நாலரை மாசத்தில் அதன் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.

படித்துக் காட்டினார். பிப்ரவரி 12 காலை பதினொன்று, நேரில் பார்வையிடப்பட்டது, நோட்டீஸ் ஒட்டப்படவில்லை. மார்ச் 19, பகல் பன்னிரண்டு, ஒட்டப்படவில்லை. ஏப்ரல் 16, அதே. மூணு தடவையும் பழைய ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்காமலே பார்த்திருக்கிறார்.

"எங்கம்மா ஒட்டினீங்க?"

"ஷட்டர்லதான். நடுவுல. கேன்வாஸ் வச்சு."

"பதினொரு மணிக்கு ஷட்டர் எங்க இருக்கும்?"

ஷட்டரைத் தூக்குகிற மாதிரி என் கை தானாக மேலே போனது.

மேலே. சுருட்டிக்கொண்டு மேலே. தினமும் நானே என் கையால் தூக்கி மறைத்திருக்கிறேன். அதற்குக் கிழியாமல் கேன்வாஸ் வேறு!

"ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலை?" என்றேன். அந்த அம்மா வெளியே எட்டிப் பார்த்தார். அடுத்தவாரம் தலையைக் குனிந்துகொண்டார். கம்ப்யூட்டரில் 'நிலுவை' என்று மட்டும்தான் வருமாம், ஃபைலை அவர் திறந்ததே இல்லையாம். நானும் ஒரு நாள் தெருவில் நின்று என் கடையைப் பார்த்ததில்லை. யாரைச் சொல்ல?

இன்னொரு சுவரில் ஒட்டட்டுமா என்றால், மனுவில் ஷட்டர் என்று எழுதியிருக்கிறதாம், இடத்தை மாற்றினால் முதலிலிருந்து வரணுமாம். ஆக, இருபத்தொரு நாள் பகலில் ஷட்டர் இறங்கியே இருக்கணும்.

இவரிடம் சொல்லவில்லை. "அங்க இன்னும் இழுக்கிறாங்க" என்றேன். ஆறு மாசம் முடிகிற நேரம், அவரை மாடியில் உட்கார வைத்தது என் பசை என்று எப்படிச் சொல்றது?

ஜூன் 4, புதன்

சொல்லிவிட்டேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் திரும்பினால், மனுஷன் சிரிக்கிறார்! கோணின வாயோடு, டீ வேட்டியெல்லாம் கொட்ட, "கேன்வாஸ்... வச்சு..." என்று மறுபடி மறுபடி சொல்லிச் சிரிக்கிறார். "நோட்டீஸுக்கும் நைட் டூட்டி போட்டுட்டியே!"

டிசம்பருக்கு அப்புறம் இப்படிச் சிரித்தது இதுதான். நான் அழுதேன். அவர் பார்க்கிற மாதிரியேதான் அழுதேன்.

ஜூன் 5, வியாழன்

ஷட்டர் இறக்கியாயிற்று. தையல் மிஷினை மேலே ஏற்றினோம். இவரைத் தூக்கின அதே நாலு பேர். படியில் திணறுகிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இவர், "மூட்டை வருது, வழி விடுங்க!" என்றார்.

ஜூன் 12, வியாழன்

கடைக்கு வருகிறவர்கள் பக்கத்துக் கதவு வழியாகப் படியேறி மேலே வருகிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் இவரிடம்தான் உட்காருகிறார்கள். நான் டேப் பிடித்து அளவைச் சொல்ல, இவர் வலது கையால் எழுதுகிறார். "இடுப்பு நாப்பத்தி ரெண்டா? போன தடவை முப்பத்தெட்டுன்னு இருக்கே?" என்று வந்த ஒரு அக்காவிடம் சத்தமாகக் கேட்கிறார். என் வேலையை எடுத்துக்கொண்டார், கேலி பண்ணுகிற வேலையை.

ஜூன் 19, வியாழன்

காலையில் திடீரென்று, "அதை நான் பாக்கணும்" என்றார்.

"எதைங்க?"

"நீ ஒட்டினதை. பகல்ல."

போனில் படம் எடுத்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாமாம். நாலு பேரைக் கூப்பிடட்டுமா என்றால் முறைக்கிறார். நடக்கப் பழக்குகிற பெண் அப்போதுதான் வந்திருந்தாள். "உக்காந்து உக்காந்து இறங்கலாம் சார்" என்றாள். இதை ஏன் யாருக்கும் முன்னாலேயே தோன்றவில்லை? தோன்றியிருக்கும். இறங்கித்தான் என்ன ஆகப்போகிறது என்று இருந்தாரே, அதுதான்.

முதல் படியில் உட்கார்ந்தார். வலது காலை இறக்கி, இடதைக் கையால் எடுத்து வைத்து, ஒரு நகர்வு. "ஒண்ணாவது ஸ்டாப்" என்றார். நான் முன்னால் பின்பக்கமாகவே இறங்கினேன், விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. ஏழாவது ஸ்டாப்பில் தண்ணீர் குடித்தார். பத்தாவதில் கண் கலங்கிவிட்டது, வலியா வேறெதுவுமா என்று கேட்கவில்லை. நாற்பது நிமிஷம்.

கம்பை ஊன்றித் தெருவில் நின்றார். உச்சந்தலைகளுக்கெல்லாம் முகம் வந்தது. ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை. நோட்டீஸை முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் படித்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"ஒட்டினது நல்லாத்தான் ஒட்டியிருக்க" என்றார்.

பிறகு திரும்பி, தெருவோரமாக நடந்தார். எண்ணினேன். முப்பத்தொன்று. எதிரே சுவர் எதுவும் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

இன்றும் இறங்கினார். முப்பத்தைந்து நிமிஷம். தாமதமில்லாத பஸ் என்று ஊரில் பேச்சு.

ஜூன் 26, வியாழன்

இருபத்தொரு நாள் முடிந்தது. ஆட்சேபணை எதுவும் இல்லை. ஷட்டரைத் தூக்கினேன். மேலேயிருந்து, "விடிஞ்சுடுச்சு!" என்று சத்தம்.

ஜூலை 14, திங்கள்

அனுமதி வந்துவிட்டது. அடுத்தவாரமே கையில் கொடுத்தார். "பாத்துப் போங்கம்மா" என்றார்.

செப்டம்பர் 10, புதன்

போன வாரம் ரூம் முடிந்தது. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசலில் படி கிடையாது. இவர் இப்போது கீழேதான். ஆனால் புது ரூமில் எங்கே இருக்கிறார்? பகலெல்லாம் கடை வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நோட்டின் முன்பக்கத்திலிருந்து இவர் எழுதுகிற அளவுகள் பின்பக்கத்திலிருந்து வருகிற என்னை முட்டப்போகின்றன. இன்னும் ரெண்டு தாள்தான் இருக்கிறது.

மத்தியானம் ஒருவர் ரெண்டு பேண்ட்டோடு வந்தார், இடுப்பைப் பிரித்து விடணும் என்று. நிமிர்ந்து பார்த்தால் அடுத்தவாரம்! என்னைக் கண்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. எனக்கோ ஆறு மாசமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்த அந்த 'அடுத்த வாரம் வாங்க' நுனிக்கே வந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் இவர் பேண்ட்டை வாங்கி மடித்து, அளவை எழுதி, தேதி போட்டு, அவசரப்படாமல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "நாளைக்கு. அஞ்சு மணிக்கு. ரெடியா இருக்கும், சார்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய? கவுண்டரில் இருக்கிறவர் சொல்லிவிட்டார். ஊசியில் நூல் கோத்தேன்.