துரைசாணி வரைந்த மலை

1928 ஜூலை 3, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். காலைப் பெரட்டில், ஆட்கள் வரிசையில் நிற்க, வழக்கம்போல் பெயர் கூப்பிட்டேன். நேற்றுத்தான் ஒரு கங்காணி தன் ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு லூமுட் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனார். அ.வும் போய்விட்டாள். (அ. என்பதே போதும். இந்த நோட்டு யார் கையிலாவது சிக்கினால்?)

பழக்கதோஷம், அவள் பெயரையும் கூப்பிட்டுத் தொலைத்தேன். பின்வரிசையில் ஒருத்தி: "அது லூமுட்டுல இருக்கு கிராணியய்யா, இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க லா!" ஒரே சிரிப்பு.

பிறகு பெரிய கிராணியார், தனியே: "தம்பி, நீர் கணக்கெழுதுற கிராணி. அவள் ரப்பர் மரத்திலை பால்வெட்டுற பெட்டை. யாழ்ப்பாணத்திலை உம்மட ஐயா அம்மா அறிஞ்சால் என்ன நடக்கும்?"

வாங்க வேண்டியவை: மை, குளிக்கச் சவர்க்காரம், புதுக் குடை.

ஜூலை 5, வியாழன்

நல்ல வெயில். துரையிடம் கையெழுத்து வாங்க அவர் பங்களாவுக்கு. வராந்தாவில் அவர் மனைவி, துரைசாணி, தீட்டிய படம். இரண்டு வாரமாகச் சரிவில் உட்கார்ந்து வரைந்தது. கோப்பெங் மலைதான், ஆனால் ஊதாவும் மஞ்சளும். கோடே இல்லை, அப்பி அப்பி வைத்த சாயம். பிரான்சில் இப்படித்தானாம், மலையை விட்டு அதன்மேல் விழும் வெளிச்சத்தை வரைவார்களாம். கிட்டப் பார்த்தால் வெறும் குழப்பம்.

ஆறடி பின்னால் வந்தேன். மலை எழுந்து நின்றது. அடிவாரத்தில் ஒரு சிவப்பு. அ.வின் தலைத்துண்டு! பால்வாளி தூக்கும்போது ஒருபக்கம் சாய்வாளே, அந்தச் சாய்வுகூட இருக்கிறது.

நான் பெயர் கூப்பிட, அவள் "இருக்கேங்க" என்பாள். எங்கள் பேச்சு மொத்தமும் அதுதான். ஒரே ஒரு நாள் கூடுதலாக: "எம் பேர மட்டும் ஏங்க அவ்ளோ மெதுவாக் கூப்பிடுறீங்க?"

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். மடையன்.

ஜூலை 6, வெள்ளி

தபால் கொடுக்கும் சாக்கில் மறுபடி பங்களா. ஆறடி தள்ளி நின்றேன். அவளைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.



ஜூலை 7, சனி

பெரிய கிராணியாரோடு பங்களாவுக்கு. படம் திங்களன்று கப்பலேறுகிறது, லண்டனுக்கு. துரைசாணி கையில் இன்னும் தூரிகை. அந்தச் சிவப்பு மலையைப் பார்க்கவிடாமல் கண்ணை இழுக்கிறது என்கிறாராம் துரை. அதை அழிக்கத் துரைசாணிக்கு மனமில்லை. என்னைக் கேட்டார்: நேற்றும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றீரே, அது யார்? உமக்குத் தெரிந்தவள் என்றால் இருக்கட்டும், விட்டுவிடுகிறேன்.

பெரிய கிராணியார் செருமினார்.

யாருமில்லை என்றேன்.

பச்சையைத் தொட்டு அந்தச் சிவப்பின்மேல் ஒரே இழுப்பு. இப்போது மலை நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார்.

தெரிகிறது என்றேன்.