ஈரக் கோடு

மெர்வ்,

பூசணி சூப் அடுப்பில் இருக்கிறது. கோப்பையில் பாதி மட்டும் ஊற்று, கை ஆடும். எனக்கு இன்று கிளப் சமையலறையில் முறை. ஒன்றரை மணிக்குப் பக்கத்து வீட்டு கெல்வின் காரோடு வருவான், உன்னை மேட்சுக்குக் கூட்டிவர. வரமாட்டேன் என்று அவனிடமும் முறுக்கிக்கொள்ளாதே.

காலையில் நீ விட்டெறிந்த புதுக் கைத்தடியைத் துடைத்துக் கதவோரம் சாய்த்திருக்கிறேன். "கோடு பாத்து நடக்க நான் என்ன சின்னப் புள்ளயா?" என்று கத்தினாய். பதிலுக்கு நானும் கத்தியிருக்கக் கூடாது. பார்க்கின்சன் நோய் உன் காலை வாசலில் ஒட்டவைத்தால் தடியின் பொத்தானை அழுத்து. தரையில் சிவப்புக் கோடு விழும். அதைத் தாண்ட நினைத்தால் கால் தானாக எழும்புகிறது, நேற்று நீயே பார்த்தாய்.

வீட்டுச் சாவி கெல்வினிடம் இருக்கட்டும்.

நொலீன்

மறந்துவிட்டேன்: அந்த கிளப் மைதானத்துக்கு முப்பது வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நீ. முதன்முதலில் நான் தேநீர்த் தட்டோடு வந்து, உன் ஈரக் கோட்டின் முன் கால் எழாமல் நின்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய்: "மிதிச்சிடாத பொண்ணே. தாண்டி வா."

இன்று மைதானத்துக் கேட்டுக்கு உள்ளே நான் நிற்பேன். தாண்டி வா.