சத்தம் போடாதவள் என்ற பெயர்

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. வரிகள் நேராகத்தான் ஆரம்பிக்கின்றன. போகப் போகப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று ஒவ்வொரு முறையும் பேனாவைத் தூக்கி யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் இது நானே எழுதுவது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டிய உன் புருஷன், ஆங் மோ கியோவில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே நடக்கும் வகுப்புக்குப் போய், இந்த வயதில் அ, ஆ படித்து, உனக்குக் கடிதம் எழுதுகிறான். நீ இருந்தால் நம்பமாட்டாய்.

அடுப்படியில் நம் மகள் சுக்கும் மிளகும் திப்பிலியும் வறுக்கிறாள். காலையில் நான்தான் தேக்கா சந்தைக்குப் போய் வாங்கி வந்தேன். நெடி கூடம் வரை வந்துவிட்டது. தும்மிக்கொண்டேதான் எழுதுகிறேன். பத்திய மருந்து வறுக்கும்போதெல்லாம் நீயும் தும்முவாய். "பெத்தவளுக்கு மருந்து, தும்மல் எனக்கா?" என்பாய். இப்போது பெற்றிருப்பவள் நம் பேத்தி, நீ தூக்கி வளர்த்த தர்ஷினி. பெண் குழந்தை. இருவரும் நலம். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். இனி என் கோபத்தைக் கேள்.

எல்லாம் உன் நாத்தனாரால், என் தங்கையால் வந்தது. பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தர்ஷினி என்னிடம், "தாத்தா, நான் எபிடூரல் எடுத்துக்கப் போறேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை என்று கண்டதும் தன் இடுப்புக்கு மேலே விரலை வைத்துக் காட்டினாள். முதுகில் ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியாக மருந்து விடுவார்களாம். இடுப்புக்குக் கீழே வலி அடங்கிவிடுமாம். ஆனால் தூக்கமில்லை, மயக்கமில்லை, விழித்திருந்தே பிள்ளை பெறலாமாம். எனக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

என் தங்கை சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "ஊசி போட்டுப் பெத்தா அது பெத்ததா? வலிச்சாத்தான்டி அம்மா. உன் பாட்டி ஒரு சத்தம் போடல, தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "போன மாசம் பல்லு புடுங்கப் போனியே, ஊசி போட்டுக்கிட்டுத்தானே புடுங்கின? அப்ப அது உன் பல்லு இல்லயா?" என்று கேட்டேன்.

"அண்ணே, பல்லும் புள்ளையும் ஒண்ணா? நாமெல்லாம் பொறக்கலயா?"

"பொறந்தோம். பெத்தவள யாரு கேட்டா?"

நம் மகள் நடுவில் புகுந்து, "விடுங்கப்பா, அத்தை நல்லதுக்குத்தான் சொல்றாங்க" என்றாள். அவளும் இதே பேச்சைக் கேட்டுக்கொண்டே தர்ஷினியைப் பெற்றவள்தான். தர்ஷினி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். கை கழுவும்போது, "பாட்டியால முடிஞ்சதுன்னா என்னாலயும் முடியும்லா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது.

அங்கேதான் எனக்கு ஆத்திரம் வந்தது. ஊசி வேண்டாம் என்று அவளாக முடிவெடுத்திருந்தால் நான் குறுக்கே பேசியிருக்க மாட்டேன். எடுக்காமல் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் உடம்பு. ஆனால் உன் பெயரைச் சொல்லி அல்லவா அவள் வாயை அடைத்தார்கள்!

அந்தப் பெயர் உனக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நம் மகள் பிறந்தபோது புருஷனை உள்ளே விடமாட்டார்கள். நான் துறைமுகத்தில் வேலை முடிந்த அழுக்குச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றேன். வலியைக் குறைக்க அப்போது என்ன இருந்தது, என்ன இல்லை, எனக்குத் தெரியாது. எது இருந்திருந்தாலும் உன்னிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உள் வராந்தாவில் காத்திருந்த என் அம்மா வெளியே வந்து, "என் மருமக ஒரு சத்தம் போடல" என்றார். அதைப் பெயர் வைக்கிற அன்றும் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார், சாகும்வரை சொன்னார். அவருக்குப் பிறகு என் தங்கை எடுத்துக்கொண்டாள்.

எத்தனையோ வருஷம் கழித்துத் தொலைக்காட்சி நாடகத்தில் ஒருத்தி பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். தலையைத் தூக்காமல், "கொடுத்து வச்சவ, கத்துறா" என்றாய். நீ கத்தவில்லையே என்றேன்.

"யார் சொன்னா? மொதல்ல கத்தினேங்க. நர்ஸ் வந்து திட்டிட்டுப் போனா. அப்புறம் கத்தினாலும் யாரும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சிருச்சு. வாய மூடிக்கிட்டேன். அதப் போய் உங்கம்மா பெருமைன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாங்க."

சொல்லிவிட்டுக் கீரைத்தண்டை ஒடித்தாய். வேறு யாரிடமும் நீ சொன்னதில்லை. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை தர்ஷினிக்கு வலி வந்தது. உள்ளே அவள் புருஷன் மட்டும் இருக்கலாம். நானும் மகளும் வெளியே நாற்காலியில். என் தங்கை பிளாஸ்கில் காப்பியோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். மதியம் அந்தப் பையன் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தாத்தா, ரொம்பக் கஷ்டப்படுறா. ஊசி வேணுமான்னு நர்ஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பாட்டி மாதிரி இருந்துடுவேன்னு பல்லக் கடிச்சிக்கிட்டுப் படுத்திருக்கா. ஊசி போடுற டாக்டர் வர நேரம் எடுக்குமாம், வேணும்னா இப்பவே சொல்லணுமாம்."

"பாத்தியா அண்ணே, அண்ணியோட ரத்தம்!" என்றாள் என் தங்கை, காப்பியை ஊற்றிக்கொண்டே.

நான் போனை எடுத்தேன். உள்ளே போக முடியாது. போனில் கூப்பிட்டால் அவளால் பேச முடியாது. நானும் பேச்சைத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று பட்டது. வகுப்பு டீச்சர் என் போனில் தமிழ் எழுத்துகளை வைத்துக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழுத்தினேன். வாழ்நாளில் நான் எழுதி அனுப்பிய முதல் செய்தி இது:

"பாட்டி கத்தினாள். யாரும் வரவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டாள். உன்னிடம் கேட்க ஆள் இருக்கிறது. வேண்டும் என்று சொல். வழி வேண்டாம்."

உன்னைக் கேட்காமல் உன் பேச்சை எடுத்துச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் பையன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினான். "டாக்டர் வர்றாங்க தாத்தா. படிச்சிட்டு அழுதா, அப்புறம் சிரிச்சிட்டா. 'வலி'க்கு வேற ல-வாம். நீங்க வழியே வேணாம்னு எழுதிட்டீங்களாம்."

மகள் என் போனை வாங்கி அந்த வரிகளைப் படித்தாள். திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு பிளாஸ்கை மூடி என் தங்கையின் மடியில் வைத்து, "அத்தை, இனிமே எங்கம்மா பேரச் சொல்லி இதப் பேசாதீங்க" என்றாள். என் தங்கை பிளாஸ்கின் மூடியை இன்னும் இறுக்கித் திருகினாள். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது, முட்டி விடவில்லை.

மருந்து இறங்கியதும் உடம்பு குளிர் வந்த மாதிரி நடுங்கியதாம், கால் இரண்டும் யாருடையதோ போல் கனத்ததாம். பிறகு கொஞ்சம் தூங்கினாளாம். முக்கச் சொன்னபோது அவளேதான் முக்கினாள். நடுவே ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாளாம். பிரசவ அறையில் சிரித்தவள் நம் வீட்டில் இவள்தான் முதல். இதை இனி நான் எல்லாக் கல்யாண வீட்டிலும் சொல்லப்போகிறேன்.

வகுப்பில் டீச்சர் என்னை 'வலி' என்றும் 'வழி' என்றும் பக்கம் நிறைய எழுத வைத்தார். எழுத எழுத எனக்குக் கோபம்தான் ஏறியது. உனக்கு வலி இருந்தது, வழி இல்லை. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அதைக் கொண்டுவந்து கொடுக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டதற்குப் பாராட்டு மட்டும் கொடுத்தார்கள். அந்தப் பாராட்டை நான் உன்னிடமிருந்து எடுத்துவிட்டேன். நீ கீரை ஆய்ந்துகொண்டே சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். அதை முதலில் எழுதிப் பார்ப்பது உனக்குத்தான். பெயரில் அந்த 'ழ' மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கே தப்பிப்பது? குழந்தையிலும் அதே எழுத்து, அழுகையிலும் அதே எழுத்து.

இதோ, அழ ஆரம்பித்துவிட்டாள். நல்ல தொண்டை. மகள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறாள். பையன் துணி மடிப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறான். நானும் போகிறேன்.