கைத்தடி நடந்த கதை

என் அருமை வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், இந்தத் தடவை அந்தச் சொல்லை மனசார எழுதுகிறேன். நீயும் சளி இருமல் எதுவுமில்லாமல், கண்ணில் வெல்டிங் பொறி படாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து கதையைத் தன் பக்கம் சாய்த்துவிடுவார். அதனால் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் எழுத ஆரம்பித்தேன், இப்போது வீட்டில் உட்கார்ந்து முடிக்கிறேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலிமனையில் புதரையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார்கள். அங்கே குடியிருந்ததெல்லாம் மூட்டை முடிச்சோடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் வந்தது ஒரு அந்துப்பூச்சி. அதைப் பூச்சி என்று சொல்லவே வாய் வரவில்லை, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து விரித்தால் எவ்வளவோ அவ்வளவு. காலையில் பல் தேய்க்கப் போனால், குளியலறைக் கண்ணாடியில் என் முகம் தெரிய வேண்டிய இடத்தில் இறக்கையை விரித்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குச் சமையலறைக் குழாயில்தான் பல் தேய்த்தேன். அடுத்தது ஒரு கொம்பு வண்டு. எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது, கறுப்பு பாலிஷ் போட்டது போல ஒரு பளபளப்பு வேறு. அது என் ஹெல்மெட்டுக்குள் புகுந்து தூங்கியிருக்கிறது. தெரியாமல் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சிக்னலில் நிற்கும்போது காதுக்குள் கரகரவென்று ஒரு சத்தம், கூடவே தலைமுடியைப் பிடித்து ஒரு இழுப்பு. நடுச் சாலையில் வண்டியைச் சாய்த்துவிட்டு நான் போட்ட ஆட்டத்தைப் பார்த்து, போக்குவரத்துக் காவலர் எனக்கு வலிப்பு வந்துவிட்டது என்று தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஒரு வண்டுக்குப் போயா இந்தக் கூத்து? உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிய நான் பாத்ததே இல்ல” என்றார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் சிரித்தே ரொம்ப நாளாகியிருந்தது.

உனக்குத் தெரியாததல்ல. அப்பாவின் உடைந்த கால் எலும்பு கூடிவிட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் வழுக்கி விழுந்த பயம் இவரை விடவே இல்லை. மாடி மாடியாக ஏறி லிஃப்ட் பழுது பார்த்த மனுஷன், ஜன்னலோர நாற்காலியைத் தன் பெயருக்குப் பட்டா போட்டது போல அதிலேயே கிடந்தார். குளியலறைக்குப் போவதென்றாலும் ஒரு கையில் தடி, இன்னொரு கை என் தோளில். பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண் கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், “நாளைக்குப் பாக்கலாம்மா” என்ற ஒரே பதில்தான். நான் கடைக்குப் போனால் சாயங்காலம் வரை தனியாகத்தான் இருப்பார். அதை நினைத்துத்தான் நீ பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் நாக்கு எழவில்லை. எத்தனை பேரைத் தாண்டி அந்தக் கப்பல் பட்டறையில் உனக்கு இடம் கிடைத்தது என்றும் தெரியும், என் கை தனியாக எவ்வளவு தாங்கும் என்றும் தெரியும். வா என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் டிவியில் செய்தி பார்த்தபடி, எழுந்திருக்கலாம் என்று பார்வையைத் திருப்பாமலே ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்த தடியைப் பிடித்தார். தடி நெளிந்தது. நெளிந்ததோடு நிற்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து அவர் கைமேல் ஏற ஆரம்பித்தது. குச்சிப்பூச்சி என்கிறார்களே, அதுதான். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம், அசல் காய்ந்த குச்சி, தடியோடு தடியாக ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அலறினார் என்று மட்டும் எழுதாதே என்று அவர் கேட்டுக்கொண்டதால், சத்தம் போட்டார் என்று எழுதுகிறேன். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம். தடி ஒரு பக்கம் பறந்தது, நாற்காலி ஒரு பக்கம் கவிழ்ந்தது, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மனுஷன் கூடத்தைத் தாண்டி, வாசல் படி இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் வண்டியிலிருந்து தட்டு இறக்கிக்கொண்டிருந்தவர், “என்ன சார், ஓடுறீங்க!” என்று வாயைப் பிளந்தார். அவர் சொன்ன பிறகுதான் இவருக்கே உறைத்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். என் வாயில் வந்தது, “செருப்புகூடப் போடாம எங்கங்க ஓடுறீங்க?” என்ற திட்டுதான். பேக்கரிக்காரர் நாற்காலி கொண்டு வந்து போட்டார். “வேணாம், கொஞ்ச நேரம் நிக்கிறேன்” என்றார் உன் அப்பா. மதில்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் அந்தச் சனியன் வெளியே போகாமல் நான் உள்ளே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான்தான் முறத்தை எடுத்துக்கொண்டு போனேன். அது திரைச்சீலையில் தொங்கிக்கொண்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, பாவம், அதுவும் பயந்துதான் போயிருக்கும். கொண்டுபோய்க் கொய்யா மரத்தில் விட்டேன்.

மறுநாள் பிசியோதெரபிப் பெண் வந்து, ஓடியதற்கு ஒரு பாட்டம் திட்டினாள். “சதை கொஞ்சம் இழுத்திருக்கு, ரெண்டு நாள்ல சரியாயிடும். காலு நல்லாத்தான் இருக்கு சார், இனிமே என்கிட்ட கதை விடாதீங்க” என்றாள். வலி குறைந்ததும் அவராகவே, “அது என்னத்தத் தின்னும்?” என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், போய்ப் பாருங்கள் என்றேன். போனார். தடியைத் தட்டித் தட்டிச் சோதித்துவிட்டுத்தான் கையில் எடுக்கிறார், ஆனால் என் தோள் வேண்டியிருக்கவில்லை. இப்போது தினமும் காலையில் கொய்யா மரத்தடியில்தான் இருக்கிறார். குச்சி எது, பூச்சி எது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடுகிறது. நேற்று பேக்கரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார், ஏதோ தான் பெற்றது போல.

ஆகவே, வாலு, பயிற்சியை விட்டுவிட்டு வருகிற பேச்சே வேண்டாம். முடித்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இல்லாமல், வர வேண்டும் என்று ஆசைப்பட்டு வா. வெல்டிங் கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் உடனே மாற்று, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே, அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஷூவை உதறிவிட்டுப் போடு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நீண்ட ஆயுளோடு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் வாழ்த்துகிறோம்.

கடைக்குப் போகிற வழியில் இதை நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, உறையைக் கொடு என்று கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். தபால் பெட்டி தெருக்கோடியில் இருக்கிறது. இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவர் அதுவரைக்கும் நடந்துவிட்டார் என்று வைத்துக்கொள்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா