ஐந்தாம் எண்

ஹைதராபாத்
12.6.2006

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்தான், கண் மட்டும் எரிகிறது.

சுனாமி கணக்கெடுப்புத் தாள்களில் இருக்கும் சொற்களைக் கம்ப்யூட்டருக்காக எண்களாக மாற்றுகிறேன். மணமானவருக்கு ஒன்று, விதவைக்கு மூன்று. நேற்று நம் கடலூர்த் தாள்கள் வந்தன. அப்பாவைப் பற்றி நீ சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள்: "கடலுக்குப் போனவரு இன்னும் வரல."

"மூணு போடும்மா" என்றார் மேலாளர். எனக்குக் கை வரவில்லை.

"இதுக்குத் தனி நம்பர் வேணும் சார்" என்றேன். யோசித்துவிட்டு, ஐந்து என்று புதிதாகச் சேர்க்கச் சொன்னார். எல்லாத் தாள்களையும் மறுபடி பார்த்தேன். உன்னைப் போல இன்னும் பதினாறு பேர் காத்திருக்கிறார்கள், அம்மா.

அப்பாவின் படம் ஒன்று அனுப்பு. என்னிடம் ஒன்றுகூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்,
நித்யா மேரி