காலி மனைக்குப் பன்னிரண்டு கடிதங்கள்

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

மூன்றாம் மாடியில் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெண் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் குட்டிப் பெண் வாலுவும் சுகமா? அவளுக்குப் பால்பல் விழ ஆரம்பித்துவிட்டதா? உங்கள் விலாசத்துக்காக நீங்கள் முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நாள் நின்றேன். முதல் நாள் யாரிடமும் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

நாங்கள் இப்போது ஊருக்கு வெளியே, மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் இருக்கிறோம். அத்தை இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பாத்திரத்தைத்தான் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார். அலுவலகம் துடைக்கப் போகும் அம்மா இரண்டு பஸ் மாறுகிறார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். திட்டாதீர்கள். ஒரு லாண்டரியில் ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிறேன். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் அக்கா, “ஏண்டி, உனக்கு வாய் இருக்கா, இல்ல வரைஞ்சு வெச்சிருக்கா?” என்று தினமும் கேட்கிறார்.

அந்த லாண்டரி மாடிப்படியில் இன்னமும் ஐந்தாவது படியைத் தாண்டித்தான் ஏறுகிறேன். நம் கட்டடத்தில் உடைந்து கிடந்ததே, அந்தப் படியைக் கால் மறக்கவில்லை. மழை வந்தால் மொட்டைமாடிக் கொடியிலிருந்து அகப்பட்ட துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு ஓடி வருவோமே. தச்சர் மாமாவின் சட்டை ஒரு வாரம் எங்கள் அலமாரியில் கிடந்தது. “இன்னும் ரெண்டு மழை பெஞ்சா நான் துண்டோடதான் வேலைக்குப் போகணும்” என்று அவர் படியில் நின்று கத்தினார். நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது சுவரில் இரண்டு தட்டு தட்டுவீர்கள். நான் வந்து வாலுவை வாங்கிக்கொள்வேன். இங்கே மாமா வீட்டுச் சுவர் கெட்டியான சுவர். அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

எழுத வந்த விஷயத்தைச் சொல்கிறேன். கட்டடத்தை இடித்து இரண்டு வருடமாகியும் மனை காலியாகத்தான் கிடக்கிறது. அதில் குறைந்த வாடகை வீடுகள் கட்ட இந்த வருட பட்ஜெட்டில் நிதி ஒதுக்கச் சொல்லி நகரசபையில் கேட்டிருக்கிறோம். கார் நிறுத்துமிடம் வேண்டும் என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. பட்ஜெட் கூட்டத்தில் பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். அம்மாதான் பேசுவதாக இருந்தது. மேற்பார்வையாளர் விடுப்புத் தரவில்லை. “வாயத் தொறந்தா முத்து ஒண்ணும் உதிர்ந்துடாது, போய்ப் பேசு” என்று அம்மா என்னை அனுப்பிவிட்டார்.

மைக்கைப் பார்த்ததும் எழுதிக்கொண்டு போனது கண்ணுக்குத் தெரியவே இல்லை. தெரிந்ததைச் சொன்னேன். கீழ்த்தளத்தில் தச்சர் மாமா, அவர் எதிரே பஸ் டிரைவர் வீடு, மூன்றாம் மாடியில் நர்ஸ் அக்கா, அவருக்கு ஒரு குட்டிப் பெண் என்று பன்னிரண்டு வீட்டையும் சொன்னேன். இடித்த கட்டடத்துக்குள் எல்லோரும் இன்னும் இருப்பதுபோலவே சொல்லிக்கொண்டு போயிருக்கிறேன். ஓர் உறுப்பினர் குறுக்கிட்டு, “சரிம்மா, இவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “ஊர்லயே இல்லாதவங்களுக்கு யாரும்மா வீடு கட்டுவா?” என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வெளியே வரும்போது வேறொரு பெண் உறுப்பினர் என்னைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் எழுதிக் கொடுத்தால் வாக்கெடுப்புக்கு முன் சபையில் வாசிக்க நேரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்றிலிருந்து தேடுகிறேன். எங்களுடையதோடு பதினொன்று சேர்ந்துவிட்டது. தச்சர் மாமா மரத்தில் கோடு போடும் பென்சிலாலேயே எழுதிக் கொடுத்தார். உங்களுடையதுதான் பாக்கி.

உங்களுக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறதாம். குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருமாம். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். பொய் எழுதச் சொல்லவில்லை, அக்கா. இந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தீர்கள், ஏன் போக வேண்டி வந்தது என்று எழுதினாலே போதும். திரும்பி வர மனசு இருந்தால் மட்டும் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரும் எட்டாம் தேதி வாக்கெடுப்பு. அதற்கு முன் வந்து சேர்கிற மாதிரி அனுப்புங்கள். எல்லாக் கடிதத்தையும் நான்தான் வாசிக்கப்போகிறேன். தினமும் வாசித்துப் பழகுகிறேன். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கடிதத்தில் என்னைப் பற்றி எதுவும் எழுதிவிடாதீர்கள். அத்தனை பேர் முன்னால் என்னால் அழ முடியாது.

வாலு எந்தக் குறையும் இல்லாமல் வளரட்டும்.

என்றும் உங்கள் தங்கை