நீ அனுப்பிய நாற்பது ஓட்டை ரிம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மூன்று வாரமாக இந்த வீட்டில் யார் சுகம், யார் சுகமாக இருப்பதுபோல் நடிக்கிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. நீ சுகமா? உண்மையைச் சொல். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் ஒரு மஞ்சள் பொம்மை முகத்தை அனுப்பிவிட்டு ஓடிவிடுகிறாய், குடும்ப குரூப்பில் கேட்டால் அப்பா பார்த்துவிடுவார். காகிதம் என்றால் கடைசி வரிவரை நீ படித்துத்தான் ஆகவேண்டும், சிக்னல் இல்லை என்று சொல்ல முடியாது.

உன் பார்சல் போன புதன்கிழமை வந்தது. கொண்டுவந்தவர் அந்த வட்டத்தைத் தூக்கிப் பார்த்து என்னம்மா இது சல்லடையா என்று கேட்டார். பிரித்தால் பளபளவென்று புது ரிம், நம் வண்டி முன்சக்கரத்துக்கு. எனக்குச் சந்தோஷம் வரவில்லை கண்ணு, சந்தேகம்தான் வந்தது. நம் வண்டியின் ரிம் வளைந்திருக்கிறது என்று நான் உன்னிடம் சொல்லவே இல்லையே? குரூப்பிலும் போடவில்லை. கனவிலா கண்டாய்? சரி, அதை அப்புறம் கேட்கிறேன், முதலிலிருந்து சொன்னால்தான் நான் எங்கே வருகிறேன் என்று உனக்குப் புரியும்.

மூன்று வாரத்துக்கு முன் வண்டியின் முன்டயரில் காற்று நிற்கவே இல்லை. காலையில் அடித்தால் சாயங்காலம் சப்பை. அப்பாவிடம் சொன்னால் பார்க்கலாம் பார்க்கலாம் என்றார், இரண்டு நாள் பார்த்துவிட்டு நானே தள்ளிக்கொண்டு நம் 'நாளைக்கு' மெக்கானிக்கிடம் போனேன். பெயர் வைத்தவளே நீதானே, இன்னும் மாறவில்லை, எதைக் கேட்டாலும் நாளைக்குத்தான். அவர் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "டியூப் மாத்திப் பிரயோஜனம் இல்ல, ரிம்மே கோட்டமா போயி டியூப்பக் கடிக்குது, ரிம் புதுசு போட்டாத்தான் உண்டு" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. போன வருஷம் நல்ல செயினைக் கழற்றிப் புதுசு மாட்டிய ஆள். என் தலையில் இந்தத் தடவை ரிம்மைக் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து, "அக்கா, அது இட்லி சட்டி இல்ல, தட்டி நேராக்கறதுக்கு" என்று கத்தினார். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும்.

நான் பார்க்கும் சேனல் உனக்குத் தெரியும், ஸ்போக் அண்ணன். உனக்கு நாலு தடவை அனுப்பினேன், ஒன்றையாவது திறந்தாயா? சும்மா சொல்லக்கூடாது, அந்த ஆள் கையில் சக்கரம் பேசும். அவருடைய கோட்டம் எடுப்பது பற்றிய வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன், நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதிக்கொண்டேன். சக்கரத்தைக் கழற்றி டயரை எடுத்து, சக்கரத்தைத் தாங்கும் போர்க்கில் மறுபடி வெறும் ரிம்மாக மாட்டி, அதே போர்க்கில் வயர் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்றைக் கட்டி அதன் வாலை ரிம்முக்கு ஒரு முடி இடைவெளியில் நிறுத்தவேண்டும். சுற்றினால் எங்கே உரசுகிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. கூடத்தில் பழைய பெட்ஷீட்டை விரித்து எல்லாம் செய்தேன். சுற்றினேன். சர்ர் என்று போய் ஓர் இடத்தில் டக் என்றது. மறுபடி சர்ர், டக். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே வளைவு. அன்றைக்கு முதல் தடவையாக அந்த மனுஷனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், நேரில் கேட்கமாட்டேன்.

அப்படியானால் வளைத்தது யார்? உடனே எனக்கு உன் மாமா ஞாபகம்தான் வந்தது. என் தம்பியாக இருந்தால் என்ன, வண்டியை வாங்கிப் போனால் பெட்ரோல் டேங்கைச் சொட்டு இல்லாமல் துடைத்துவைத்துத் திருப்பித் தருகிறவன். போனைப் போட்டு எந்த மாட்டு மேலே ஏற்றினாய் என்று கேட்டேன். அவன், "அக்கா, உன் மேல சத்தியமா வண்டிய நான் தனியா எடுத்தே ரெண்டு மாசம் ஆச்சு, இப்பல்லாம் மாமா சாயங்காலம் எங்க போகணும்னாலும் என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்லிட்டு பின்னாடி உக்காந்துக்கறாரு, எனக்கு டிரைவர் வேலை குடுத்துட்டாரு" என்று குறைபட்டான். என் மேல் சத்தியம் செய்தால் அவன் நம்பத்தக்கவன் இல்லை, ஆனால் இது பொய்யாகப் படவில்லை. இருபது வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிற உன் அப்பா எதற்கு மச்சான் முதுகுக்குப் பின்னால் உட்காரவேண்டும்?

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ரிம் எப்படி வளைந்தது என்று சாதாரணமாகக் கேட்டேன். மார்க்கெட் ரோடு பள்ளத்தில் விழுந்தது என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பள்ளத்தில் விழுந்த ரிம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு, ஸ்போக் அண்ணன் மூன்று ரிம்மை வைத்துக் காட்டியிருக்கிறார். நேராக விழுந்தால் இரண்டு பக்க விளிம்பும் சேர்ந்து நசுங்கும். நம் ரிம்மில் வலது விளிம்பு சுத்தமாக இருக்கிறது. இடது விளிம்பு மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு உள்ளே மடங்கி, அந்த மடிப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு. ரோட்டில் ஏது சுண்ணாம்பு? போட்டோ எடுத்து அண்ணனுக்கே அனுப்பினேன். பதில் போட்டார், தெரியுமா! ஒரு இதயமும் போட்டு, "அக்கா, இது பள்ளம் இல்லை, இடது பக்கம் ஏதோ கல் விளிம்பில் உரசி ஏறியிருக்கிறது, மெதுவாகத்தான் போயிருக்கிறார்கள்" என்று. நான் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருக்கிறேன், அழிக்கமாட்டேன்.

மறுநாள் குப்பை கொட்ட வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் கேட்டுக்குள் நுழையும்போது இடது பக்கம், நீ ஸ்கூல் படிக்கும்போது ரோஜா வைத்தாயே, அந்தப் பாத்தியின் வெள்ளையடித்த கல். அதன் முனை உடைந்திருந்தது. டயரின் கறுப்புக் கோடு. ஒன்று இல்லை கண்ணு, நாலு. இரண்டு, மழையில் மங்கிப்போன பழசு, ஒன்று கொஞ்சம் புதுசு, ஒன்று பச்சைப் புதுசு. அப்பா தன் சொந்த வீட்டு வாசல் கல்லில் நாலு தடவை ஏற்றியிருக்கிறார். அந்தக் கல்லைப் போட்டதே அவர்தான்.

அதற்குப் பிறகு நான் போலீஸ் மாதிரி ஆகிவிட்டேன். கேவலமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. முதலில் குடியோ என்று நினைத்தேன், சட்டையை மோந்துபார்த்தேன், டீசல் வாசனைதான். பிறகு பாத்ரூம். தினமும் காலையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஏதோ முணுமுணுக்கிறார். காதை வைத்துக் கேட்டால், "ட, ப, ம. ய, ர, ல, ச. ந, த, க, வ, ட." திரும்பத் திரும்ப அதே வரிசை. யாருக்கோ பாஸ்வேர்ட் சொல்கிறார் என்று நினைத்தேன். மெக்கானிக்கிடம் சக்கரக் கம்பியைத் திருகும் ஸ்போக் சாவி இரவல் வாங்கப் போனபோது அவர் வேறு, "உங்க வீட்டு அண்ணன் வண்டி லெப்ட் கண்ணாடிய இந்த வருஷத்துல மூணு தடவை மாத்திட்டாரு, எல்லாம் லெப்ட்டு, ரைட்டு ஒருதடவ கூட இல்ல, என்ன கணக்குன்னு தெரியல" என்றார். எனக்குக் கணக்கு தெரிய ஆரம்பித்தது. சோபாவில் அப்பா இடம் மாறியிருக்கிறது, இப்போது இடது பக்கம் சுவர் இருக்கும்படி மூலையில்தான் உட்காருகிறார். தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு டம்ளரைத் திட்டுகிறார்.

அப்போதுதான் உன் பார்சல் வந்தது. அதனால்தான் உன் மேலும் சந்தேகம். அதுவும் நாற்பது ஓட்டை ரிம். நம் வண்டிக்கு முப்பத்தாறு ஸ்போக் கம்பிதான், கம்பிக்கு ஒரு ஓட்டை. எண்ணிப் பார்க்காமல் யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கு, அது நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்தாறு என்றிருப்பேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அந்த மூலையை விட்டு ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்போக் சாவியைக் கையில் பிடித்தபடி சத்தமில்லாமல் அவர் இடது பக்கம் போய் நின்றேன். சாவியை அவர் காதுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் ஆட்டினேன். திரும்பவில்லை. இன்னும் முன்னால் கொண்டுபோனேன். கன்னத்துக்கு நேராக. திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போன உடனே, "என்ன, வீட்டுக்குள்ளேயே பரேடா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கண் எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டேன்.

அவர் போனை அணைத்துவிட்டு, "ஒரு வருஷமா மங்கல், நாலு மாசமா சுத்தமா இல்ல" என்றார். பாத்ரூம் முணுமுணுப்பு என்ன தெரியுமா? டிப்போவில் வருஷா வருஷம் கண் பரிசோதனை. ஒரு கண்ணை மூடிச் சுவரில் இருக்கும் எழுத்தை வாசிக்கவேண்டும். அட்டையை மாற்றவே மாட்டார்களாம், அதனால் மொத்தத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார். போன வருஷம் அப்படித்தான் பாஸ். ஸ்கூலில் எட்டு வரி பாட்டு மனப்பாடம் வராமல் அடி வாங்கியவர் என்று அவர் அம்மாவே சொல்வார்கள். நான் கத்தினேன் கண்ணு, மறைக்கமாட்டேன். காலை டிரிப்பில் அந்த பஸ்ஸில் ஏறுவது முக்கால்வாசி ஸ்கூல் பிள்ளைகள், இறங்குகிற பக்கம் இடது பக்கம், இறங்கினதும் பஸ்ஸை ஒட்டித்தான் ஓடும். சொந்த வாசல் கல் தெரியாதவருக்குப் பிள்ளை தெரியுமா என்று கேட்டேன். "தெரியும், தலையத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன்" என்றார். நாலு கோடு, மூன்று கண்ணாடி, ஒரு ரிம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். "ஸ்டியரிங்க விட்டா நான் யாரு?" என்று மட்டும் சொன்னார், அதுவும் என்னிடம் இல்லை, ஜன்னலிடம்.

சனிக்கிழமை கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறதாம், வலிக்கவே வலிக்காதாம், அதனால்தான் ஆள் ஏமாறுவது. இடது கண் போனது போனதுதான். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, ஆனால் சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடாமல் போட்டால் காப்பாற்றிவிடலாம் என்றார். அந்த டாக்டரம்மாவிடம் இவர் எழுத்துக்களைக் கடகடவென்று ஒப்பிக்கப் பார்த்தார், அது வேறு அட்டை! டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன் நீங்களே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் டிப்போ வாசலில் வந்து நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு முழுக்க அவர் என்னோடு பேசவில்லை, நானும் சக்கரத்தோடுதான் பேசினேன். மடிந்த விளிம்பை மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தேன். பிறகு ஸ்போக் சாவி, ஒரு பக்கம் கால் திருகு தளர்த்தி எதிர்ப் பக்கம் கால் திருகு இறுக்கி, சுற்றி, கோடு போட்டு, துடைத்து. அவசரப்பட்டு முழுத் திருகு திருகினால் வேறு இடத்தில் கோணும். மத்தியானம் வாக்கில் அப்பா தானாக வந்து தரையில் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றிவிட ஆரம்பித்தார். நான் திருக, அவர் சுற்ற. கடைசியில் டையின் வால் எங்கேயும் உரசவில்லை. சர்ர், அவ்வளவுதான், டக் இல்லை. நான் எழுந்து குதித்தேன், வீடியோவும் எடுத்திருக்கிறேன், உனக்கு அனுப்பலாமா என்று இந்தக் கடிதத்துக்கு நீ போடும் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

திங்கள் விடியற்காலை டியூப்பை ஒட்டி, டயரை மாட்டி, காற்றைப் பார்த்து வண்டியை வெளியே எடுத்தேன். யூனிபார்ம் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குத் திக்கென்றது, ஏமாற்றப்போகிறார் என்றே நினைத்தேன். சாவிக்குக் கை நீட்டுவார் என்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் நீட்டவில்லை, பின்னால் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு" என்றார். டிப்போ வாசலில் இறங்கி உள்ளே போனார். அவர் ஓட்டும் பஸ் ஷெட்டில் நின்றது, அதைத் தாண்டும்போது முன்பக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். நான் வெளியிலேயே நின்றேன், பின்கேட் வழியாக பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று அந்தக் கேட்டையும் ஒரு கண் பார்த்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அதே பஸ் வெளியே வந்தது. என் உயிரே போய்விட்டது கண்ணு. பார்த்தால் ஸ்டியரிங்கில் வேறு ஆள், சின்னப் பையன் மாதிரி ஒரு புது டிரைவர். அதற்குப் பின்னால் அப்பா நடந்து வந்தார், சாப்பாட்டு டப்பா கையில் அப்படியே. பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதி தூரம் வந்த பிறகுதான் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "வீல் ஆடவே இல்லையே" என்றார். நல்ல வேளை எனக்கு ஹெல்மெட் இருந்தது, முகம் யாருக்கும் தெரியவில்லை.

டிரைவர்களுக்கு டியூட்டி போடும் டைம் ஆபீசில் உட்கார வைக்கிறார்களாம், எழுத்துப்பூர்வமாக இன்னும் வரவில்லை, வந்தால்தான் நம்புவேன். சொட்டு மருந்தை நானே போடுகிறேன், அவர் போட்டேன் என்று சொன்னால் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்க்கிறேன்.

இப்போது உன் விஷயம். ரிம்மைப் பற்றி மட்டும்தான் உன்னிடம் சொன்னதாகவும், அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகவும் அப்பா சொல்கிறார். பாதி நம்புகிறேன். கண் விஷயத்தையும் உன்னிடம் சொல்லியிருந்தால், அதைத் தெரிந்துகொண்டு நீ ரிம் மட்டும் வாங்கி அனுப்பியிருந்தால், அதை எனக்கு எழுது. திட்டமாட்டேன், திட்டினாலும் ஒரு நாள்தான். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நீயும் அவரும் சேர்ந்து மூடினால் நான் யாரிடம் கேட்பேன்? அடுத்த தடவை வீட்டில் யாராவது எதையாவது அம்மாவிடம் சொல்லாதே என்றால், அதை முதலில் என்னிடம்தான் சொல்லவேண்டும். உன் கண்ணையும் அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, இது குடும்பத்தில் வருமாம். காட்டினேன் என்று சொன்னால் போதாது, சீட்டை போட்டோ எடுத்து அனுப்பு. வீடியோ காலில் எப்போதும் கழுத்துக்கு மேல்தான் காட்டுகிறாய், ஒரு தடவை உன் சமையலறையையும் காட்டு.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய். கண்ணைப் பற்றிக் கேட்காதே, சக்கரத்தைப் பற்றிக் கேள், அவரே சொல்லட்டும். எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் எதையும் மறைக்கவேண்டிய நிலை வராமல் நீ நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ரிம்மைத் திருப்பி அனுப்ப ரசீது வேண்டும், மறக்காதே. வாசல் கல்லை அப்பா நேற்று பெயர்த்து எடுத்துவிட்டார், ரோஜா அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுசாக நம்பாத, உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா